இரவு ஒன்பது மணிக்கு இருமலோடு ஏன் வருகிறீர்கள்? வன்னிப் பெற்றோரிடம் ஒரு கேள்வி

இரவுப்பணி

வணக்கம். வன்னியில் ஓர் அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

நேற்று இரவுக் கடமை. பொறுப்பெடுத்த நேரத்திலிருந்து நடுச்சாமம் வரை பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். அதில் இரண்டு பேருக்குத்தான் உடனே ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஒன்று மூச்சிழுப்பு, மற்றது உலை நீர் பட்ட கை. மிச்சப் பேரில் மூன்று நாள் தடிமன், அன்று காலை தடுப்பூசி போட்டதால் வந்த காய்ச்சல், எறும்பு கடித்த கால். பதினொன்றரைக்கு ஒரு தாய் இரண்டு கிழமையாய்ச் சொறிகிற பொடியனைக் கூட்டிவந்தா. இரண்டு கிழமை!

மூச்சிழுத்த பிள்ளைக்கு நெபுலைசர் வைத்துவிட்டு நிற்கிறேன், பின்னால் எட்டுக் குரல் "மிஸ்ஸி, மிஸ்ஸி". நான் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. பகலில் வெளிநோயாளர் பிரிவு திறந்திருக்கும்போது வராமல் இரவில் அவசரப் பிரிவுக்கு ஏன் வருகிறீர்கள்?

முறிகண்டிக்கச்சான்

காசில்லை என்பதால்தான். ஒருமுறை இருநூறு ரூபா கட்டச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நாளே வரிசை பாதியாகிவிடும். எங்கள் சனத்துக்கு ஓசியில் கிடைப்பதன் அருமை தெரியாது.

பாலைப்பழம்

கச்சான் அண்ணை, ஓசி என்று சொல்லிவிட்டீர்கள். என்னுடைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

நான் கார்மென்ற்ஸில் வேலை. விடிய ஐந்தரைக்கு பஸ் வந்துவிடும். திரும்பி வந்து இறங்கும்போது பின்னேரம் ஆறரை. மகளுக்கு நாலு வயது, பகலில் என் அம்மாவோடு இருப்பாள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, எட்டு மணிக்கு நம்பர் துண்டு எடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து வரிசையில் நின்று, மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பி வர அவவால் முடியாது. நான் ஒரு நாள் லீவு எடுத்தால் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு போய்விடும்.

ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியவருவதே ஆறரைக்குத்தான். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன், கொதிக்கிறது. "மத்தியானத்திலிருந்தே கொஞ்சம் சூடுதான்" என்பா அம்மா. வெளிநோயாளர் பிரிவு நாலு மணிக்குப் பூட்டியாயிற்று. ரவுணில் ஒரு டொக்டர் பின்னேரங்களில் தனியாகப் பார்க்கிறார், நல்ல மனிசன். ஆனால் அவருக்குக் கொடுப்பது, மருந்து, ஓட்டோ போகவர எல்லாம் சேர்த்தால் என் இரண்டு நாள் சம்பளத்துக்கு மேலே. மாதத்தில் ஒருமுறை முடியும், மூன்றுமுறை முடியாது.

அந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் லைற் எரிகிற ஒரே மருத்துவக் கதவு உங்களுடையதுதான், மிஸ்ஸி. அதனால்தான் வருகிறேன். நீங்கள் கொடுக்கிற ஓசிப் பனடோலுக்காக இல்லை. அது வீட்டிலும் இருக்கிறது.

ஏ9பயணி

பாலைப்பழம் சொன்னதோடு தூரத்தையும் சேர்க்க வேண்டும். முல்லைத்தீவு மாவட்டம் மட்டும் 2,617 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பில் ஆட்கள் 92 ஆயிரத்துச் சொச்சம். அதாவது காடும் குளமும் வயலும்தான் கூட, வீடு குறைவு. துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் உள்பக்கமோ இருக்கிறவனுக்குக் கடைசி பஸ் போனால் போனதுதான். பிறகு யாரிடமாவது மோட்டார்ச் சைக்கிள் இரக்க வேண்டும், அதுவும் யானை நிற்கிற றோட்டில்.

அதனால் இங்கே ஒரு தகப்பன் பின்னேரம் ஆறு மணிக்கு யோசிப்பது "இப்ப பிள்ளைக்கு எவ்வளவு கடுமை" என்று இல்லை. "இரவு இரண்டு மணிக்குக் கடுமையானால் எதில் ஏற்றிப் போவது" என்றுதான். வாகனம் கிடைக்கிற நேரத்தில் வந்துவிடுகிறான். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறவன் காலைவரை பார்க்கலாம். கொழும்பில் இருந்துகொண்டு எழுதப்படுகிற அறிவுரைகளில் இந்த யானை வருவதே இல்லை.

பழையகளப்பணி

பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. சுகாதாரப் பகுதியில், கூடுதலும் மலேரியா வேலை. ஒரு விசயம் சொல்கிறேன், இதை யாரும் யோசிப்பதில்லை.

தொண்ணூறுகளில் வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியா என்றுதான் அர்த்தம். பொருளாதாரத் தடைக் காலம், மருந்துத் தட்டுப்பாடு வேறு. நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றே ஒன்று: "காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்காதே, உடனே வந்து இரத்தம் குத்திப் பார்." விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடவி, மருந்து கொடுத்து விடுவோம். மூளை மலேரியா என்றால் பிந்தி வருகிற பிள்ளையைக் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் வெருட்டித்தான் சொன்னோம். கோயில் ஒலிபெருக்கியிலும் சொன்னோம், பள்ளிக்கூடத்திலும் சொன்னோம்.

சனம் கேட்டது. இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. சனம் முதல் நாளே ஓடிவந்ததும் அந்தச் சான்றுக்கு ஒரு காரணம்.

இப்போது அதே தாய்மாரின் பிள்ளைகள் தாயாகியிருக்கிறார்கள். வீட்டில் அம்மம்மா சொல்வது இன்னும் அதே வசனம்தான். நாங்களே பழக்கிவிட்டு இப்போது ஏன் ஓடி வருகிறாய் என்று கேட்டால் எப்படி? போதாததற்கு டெங்குச் சுவரொட்டியும் காய்ச்சல் என்றால் தாமதிக்காதே என்றுதான் சொல்கிறது.

முறிகண்டிக்கச்சான்

ஐயா சொல்வது சரி, காய்ச்சலை விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு கிழமைச் சொறி? அதற்கு எந்த மலேரியாப் பிரசாரம் காரணம்?

இரவுப்பணி

அந்தச் சொறிக் கதையை முழுதாய்ச் சொல்லாமல் விட்டது என் பிழை. எனக்கும் அந்த நேரம் கோபம்தான். "இரண்டு கிழமையாய் எங்க போனீங்கள்" என்று கேட்டேன். அவ பதில் சொல்லவில்லை. பிறகு மருந்துத் துண்டு எழுதும்போது மெல்லச் சொன்னா. புருசன் கட்டட வேலைக்கு வெளியூரில். அன்று பின்னேரம்தான் மோட்டார்ச் சைக்கிளோடு வந்தாராம், விடிய நாலு மணிக்குத் திரும்பவும் போகிறார். இடையில் இருந்தது அந்த ஒரு இரவு. பொடியன் சொறிந்து சொறிந்து நித்திரை இல்லை, அவவுக்கும் இல்லை.

பார்த்தால் சிரங்கு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூச வேண்டும், படுக்கை உடுப்பு தோய்த்து வெயிலில் போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். இதை அந்த இரவில் எட்டுப் பேர் பின்னால் நிற்க நான் எவ்வளவு விளக்கியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அரை நிமிடம். அதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது. அவ வந்தது பிழையில்லை. ஆனால் வந்த இடத்தில் அவவுக்கு வேண்டியது கிடைக்கவில்லை.

குளக்கட்டு

நான் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதவேண்டும் போல் இருக்கிறது.

போன வருடம் மாரி. விடிய மூன்று மணிக்கு என் மகள் எழும்பி வயிறு நோகுது என்றாள். ஏழு வயது. சத்தி இல்லை, காய்ச்சல் இல்லை. முதல் நாள் ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டவள். அப்பம்மா ஓமத்தண்ணி கொடுத்தா. நானும் வாய்வுதான் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். மனிசிதான் விடவில்லை. "பிள்ளை ஒருநாளும் இப்படி அழுறதில்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றா. வயிற்றுக்குத்துக்கெல்லாம் இந்த நேரத்தில் போனால் பேச்சு விழும் என்று எனக்குக் கூச்சம். ஆனாலும் வெளிக்கிட்டோம்.

அங்கே நின்ற சின்ன வயது டொக்டர் வயிற்றைத் தொடுவதற்கு முன்னம் ஒன்று கேட்டார். "பிள்ளை எங்க படுத்தது? கட்டிலிலா, நிலத்திலா?" நிலத்தில், பாயில். உடனே லைற்றைக் கிட்டப் பிடித்து உடம்பு முழுக்கத் தேடினார். காதுக்குப் பின்னால் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. அதற்குள் மகளின் கண் இமை பாரமாய்த் தொங்கத் தொடங்கிவிட்டது. கட்டுவிரியன்.

அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் நாலு நாள் இயந்திரத்தில் மூச்சு. இப்போது இரண்டாம் வகுப்பு, வாய் ஓய்வதில்லை.

மிஸ்ஸி, உங்கள் பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அவசரமில்லை என்கிறீர்கள். சரிதான். ஆனால் அது நீங்கள் பார்த்த பிறகு தெரிந்தது. வீட்டில் இருக்கிற எனக்கு எந்த ஒன்பது, எந்த இரண்டு என்று எப்படித் தெரியும்?

ஏ9பயணி

குளக்கட்டு அண்ணை, வாசித்துவிட்டுப் பாயைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டேன். நன்றி.

வெள்ளைக்கோட்டு

குழந்தை மருத்துவத்தில் இருக்கிறேன். குளக்கட்டு சொன்னதில் சின்னத் திருத்தம்கூட இல்லை. கட்டுவிரியன் கடி நோகாமலே போய்விடும், நித்திரையில் தெரியாது, முதலில் வருவது பெரும்பாலும் வயிற்றுநோதான். வன்னியில் வேலை செய்கிற எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியிருப்பார்கள்.

இது எங்கள் ஊருக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் குடும்ப வைத்தியர் இருக்கிற இங்கிலாந்திலும், காப்புறுதி இல்லாவிட்டால் கையைக் கடிக்கிற அமெரிக்காவிலும் இதே கேள்வியைப் பெற்றோரிடம் கேட்டிருக்கிறார்கள். பதில்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பயமாக இருந்தது, வேறு இடத்தில் அன்றைக்குப் பார்க்க முடியவில்லை, யாரோ போகச் சொன்னார்கள், அங்கே போனால் எல்லாச் சோதனையும் ஒரே இடத்தில். காசு கட்டினால் குறைந்துவிடும் என்று கச்சான் சொன்னார். குறையலாம். ஆனால் குறைகிறவர்களுக்குள் குளக்கட்டின் மகள் போன்ற பிள்ளையும் இருக்கும், காசு அதைத் தெரிந்து வடிகட்டாது. இலங்கையில் கடிதம் இல்லாமல் எவரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம் என்பது சின்ன விசயம் இல்லை. அதில் கை வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

ஆனால் பெற்றோருக்குத் தெரிய வேண்டியதும் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் நேரம் காலம் பார்க்க வேண்டாம், வாருங்கள். பால் குடிக்க மறுத்தால், குடிப்பதெல்லாம் சத்தியாய்ப் போனால், எழுப்ப எழுப்பத் தூங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினால், அப்போதும் அப்படியே. மூச்சை எண்ணத் தெரிந்து வைத்திருங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது முழுதாய் ஒரு நிமிடம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வெறும் தடிமன் இல்லை.

டெங்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். முதல் நாள் காய்ச்சல் கொதிக்கும்போது ஓடி வருவார்கள். மூன்று நாலு நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்துக் கட்டம் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான். கை கால் குளிர்ந்து, வயிறு நொந்து, சோர்ந்து, சலம் போவது குறைந்தால் உடனே வர வேண்டும். 2017 இல் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது, நானூறுக்கு மேல் இறந்தார்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் விடவில்லை என்று இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் வைக்காதீர்கள். இன்னொன்று, குழந்தைகளுக்கான துளி மருந்து வேறு, சிரப் வேறு. துளி பல மடங்கு செறிவு. ஒன்றின் அளவில் மற்றதைக் கொடுத்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசிக் காய்ச்சலுக்கு இரவில் வர வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் விடும். ஆனால் தாய்க்கு அதைச் சொல்ல வேண்டிய இடம் ஊசி போடுகிற கிளினிக். அங்கே நாங்கள் ஒழுங்காய்ச் சொல்கிறோமா என்று கேட்டால் நான் தலையைக் குனிவேன்.

பாலைப்பழம்

டொக்டர், நல்லாய் விளங்கப்படுத்தினீர்கள். இப்படி ஒருவர் முகத்துக்கு முன்னால் இருந்து எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

பேச்சு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முதல் மகளுக்குச் சளி என்று ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். "இதுக்கெல்லாம் ஏன் இந்த நேரத்தில வாறீங்கள்?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேச்சு. சரி என்று அடுத்த முறை மூன்று நாள் பொறுத்தேன். நியூமோனியா. அதே இடம், அதே மேசை, "இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" முந்தி வந்தாலும் பேச்சு, பிந்தி வந்தாலும் பேச்சு என்றால் முந்தியே வந்து பேச்சு வாங்குகிறேன். பிள்ளையாவது மிஞ்சும்.

இரவுப்பணி

தங்கச்சி, இதை மூன்று தரம் வாசித்தேன். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். இரண்டு மாதிரியும்.

மேட்டுநிலம்

2009 இல் எனக்கு ஒன்பது வயது. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில் மெனிக்பாம் முகாமில் இருந்தோம். கூடாரத்தில் ஐந்து பேர். தம்பிக்கு ஒன்றரை வயது, வயிற்றோட்டம். மருத்துவ வரிசை நீளம், வெயில். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, நாளைக்கு வெள்ளனப் போவம் என்று திரும்பி வந்தா. விடிய நாங்கள் நாலு பேர்.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அம்மா எங்களோடுதான். பிள்ளை தும்மினாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பா. நான் மூச்சு எண்ணிக் காட்டலாம், டொக்டர் எழுதியதை வாசித்தும் காட்டலாம். "நாளைக்குப் பார்ப்பம்" என்ற சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்ல முடியாது.

பழையகளப்பணி

பிள்ளை, உன் அம்மாவை ஒன்றும் சொல்லாதே. கூட்டிக்கொண்டு போ.

முறிகண்டிக்கச்சான்

நான் ஆரம்பத்தில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். இருநூறு ரூபாக் கதையை விட்டுவிடுகிறேன். ஆனால் மூச்சிழுத்த அந்தப் பிள்ளைக்கு மிஸ்ஸி திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போனதும் உண்மைதானே? அதற்கு என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை.

இரவுப்பணி

வழி என்று நான் நினைப்பது ஒன்றுதான். வெளிநோயாளர் பிரிவை இரவு எட்டு மணி வரைக்கும் நீட்டுவது. குறைந்தது பிள்ளைகளுக்கு மட்டுமாவது. ஒரு டொக்டர், ஒரு மிஸ்ஸி, ஒரு மருந்தாளர். பாலைப்பழத்தின் ஆறரைக்கு அது திறந்திருக்கும். கதவு வேறாய் இருந்தால் என் மேசையில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் எனக்கு வாயும் குறையும்.

வெள்ளைக்கோட்டு

கேட்க நன்றாக இருக்கிறது, ஆள் எங்கே? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் வெளிநாடு போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். இருக்கிறவர்களில் பலர் நாலு மணிக்குப் பிறகு தனியார் இடங்களில் பார்க்கிறார்கள், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவு ஒழுங்காக வந்தால் சிலர் நிற்பார்கள். எல்லாரும் இல்லை.

எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது குடும்பநல உத்தியோகத்தரில், அதாவது மிட்வைஃபில். ஒவ்வொரு பிள்ளையையும் பிறந்ததிலிருந்து தெரிந்தவ. வீடும் தெரியும், அம்மம்மாவும் தெரியும். ஆனால் அவவின் வேலைப்பாரம் ஏற்கெனவே தலைக்கு மேலே. தாய்மாருக்கு இதையெல்லாம் விளக்குகிற வேலையையும் அவவில் கொண்டுபோய்ப் போடுவது நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை.

ஏ9பயணி

எங்கள் பக்கத்து மிட்வைஃப் அக்கா தாய்மாருக்கு வைபர் குழு வைத்திருக்கிறா. இரவு பத்து மணிக்கும் பதில் போடுவா. அவவுக்கு யார் மேலதிகக் கொடுப்பனவு கொடுக்கிறார்கள் என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை, இப்போதுதான் யோசிக்கிறேன்.

இன்னொன்று: 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. எங்கள் ஊரில் அரைவாசிப் பேர் அது விபத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு வலிப்பு, மூச்சுத்திணறல் என்றாலும் அடிக்கலாம்.

வெள்ளைக்கோட்டு

ஆம். வலிப்பு என்றால் அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், இரும்புத் திறப்பு ஒன்றும் வைக்காதீர்கள்.

புதுத்தகப்பன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மகனுக்கு ஒன்பது மாதம். பின்னேரத்திலிருந்து நாலு தரம் தண்ணியாய் வயிற்றால் போனது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) கரைத்து வைத்திருக்கிறோம். கரைத்ததை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

இரவுப்பணி

ஒரு பைக்கற் முழுதையும் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணியில் கரைத்தீர்களா? பாதிப் பைக்கற் என்று கணக்குப் பார்க்கக்கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட்டுப் புதிதாய்க் கரையுங்கள். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாய். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பிள்ளை சலம் கடைசியாய் எப்போது போனது? அழுதால் கண்ணீர் வருகிறதா? வயிற்றால் போனதில் இரத்தம் ஏதும்?

புதுத்தகப்பன்

முழுப் பைக்கற்தான். இரத்தம் இல்லை. சலம் இப்போதுதான் என் மடியில். கண்ணீர் தாராளம். பால் குடிக்கிறான், சத்தி இல்லை.

இரவுப்பணி

அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஜீவனியைத் தொடருங்கள், விடிய எட்டு மணிக்கு வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டு வந்து காட்டினால் போதும். இடையில் குடிக்க மறுத்தாலோ சோர்ந்தாலோ உடனே வாருங்கள்.

புதுத்தகப்பன்

நன்றி அக்கா. விளங்குது. ஆனால் அம்மா ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டா, வாசலில் வந்து நிற்குது.

இரவுப்பணி

சரி, வாருங்கள். கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம்.